வைகாசிப் பௌர்ணமி: பசித்தவன் திருநாள்

(மதுரை ஆலைத் தொழிலாளரும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் வைகாசிப் பௌர்ணமியன்று நிகழ்த்திய பேச்சு.)



இன்று வைகாசிப் பௌர்ணமி. இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். திருப்பரங்குன்றத்துக்கு விசாகப் பால்குடம் எடுத்துப் போன ஜனங்கள் சாரிசாரியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். போன பௌர்ணமிக்கு வைகையில் அழகர் இறங்கினார். இந்த மதுரையே ஆற்றில் நின்றது. நமக்கு நிலவும் திருவிழாவும் புதிதல்ல.

ஆனால் இதே வைகாசி நிலவில் வேறொரு திருநாளும் நடக்கிறது. இலங்கையில், பர்மாவில், தாய்லாந்தில், நாகபுரியில், கயையில் கோடிக்கணக்கான மக்கள் இன்று விளக்கேற்றுகிறார்கள். புத்தர் பிறந்த நாள், ஞானம் பெற்ற நாள், மறைந்த நாள் மூன்றும் இந்தப் பௌர்ணமிதான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தத் திருநாளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

"தோழர், கூலிப் பிரச்சினை இருக்கிறது, போனஸ் பிரச்சினை இருக்கிறது. திருநாளைப் பற்றிப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

சாப்பிடாத பாயசம்

போன வருஷம் இதே நாளில் சோழவந்தான் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். முதல் போகத்துக்கு இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. வயலில் வேலை இல்லை, வீட்டில் நெல் இல்லை என்ற காலம். மறுநாள் நடக்கவிருந்த கூலிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கத்தான் போனோம். ஊருக்கு வெளியே இருக்கும் தெருவில் ஒரு தோழரின் வீடு. வாசலில் கோலம். திண்ணையில் ஒரு பலகை போட்டு, அதன் மேல் புத்தர் படம், பக்கத்தில் அம்பேத்கர் படம், முன்னால் ஓர் அகல்விளக்கு. பத்துப் பதினைந்து பேர் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களோடு வந்த இளம் தோழர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னண்ணே, இருக்கிற சாமி போதாதுன்னு புதுசா ஒரு சாமி வாங்கிட்டீங்களா?"

அந்த வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "சாமின்னா வேண்டிக்கிட்டா ஏதாச்சும் குடுக்கணும் தம்பி. இவருகிட்ட வேண்டிக்கிட்டா ஒண்ணும் குடுக்க மாட்டாரு. ஊருக்குள்ள திருவிழான்னா நாங்க எங்க நிக்கணும்னு வேற ஆளு சொல்லுவாங்க. இது எங்க திருவிழா. இங்க எங்கள எட்டி நில்லுன்னு சொல்ல ஆளு இல்ல" என்றார்.

அவருடைய மனைவி அரிசியும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய பாயசத்தைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "நேரமாச்சும்மா, இன்னும் நாலு ஊர் போகணும்" என்று சொல்லி எழுந்துவிட்டோம்.

மறுநாள் கூட்டத்துக்கு அந்தத் தெருவிலிருந்து பாதிப் பேர்கூட வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோது செய்தி மெதுவாக வந்தது. "சங்கத்துக்காரங்களும் எங்க வீட்டில கை நனைக்க மாட்டேங்கிறாங்களே" என்று அந்த அம்மா சொல்லி அழுதாராம்.

தோழர்களே, எங்களுக்கு அவசரம் என்பது உண்மை. எங்கள் மனத்தில் சாதி இல்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தன் வீட்டுச் சோற்றை யாரும் தொடாமல் போவதையே பார்த்த ஒரு தாய்க்கு, அந்தத் தம்ளர் திரும்பி வந்தால் ஒரே ஓர் அர்த்தம்தான். அதுவும் எந்த நாளில்? சோற்றின் பெயரால் நடக்கும் திருநாளில். அதைத் தெரிந்துகொள்ளாமல் போனதுதான் எங்கள் குற்றம். அதனால்தான் இந்தப் பேச்சு.

பட்டினியால் ஞானம் வராது

அந்தப் பாயசத்துக்கு ஒரு கதை உண்டு. கௌதமர் அரண்மனையை விட்டு வந்த பிறகு ஆறு வருஷம் தவம் செய்தார். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலும் ஆனார். ஞானம் வரவில்லை, மயக்கம்தான் வந்தது. உடம்பை வதைத்து உண்மையைக் காண முடியாது என்று அவர் தெளிந்த நேரத்தில், சுஜாதை என்ற கிராமத்துப் பெண் ஒரு பாத்திரம் பால்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அரச மரத்தடியில் உட்கார்ந்தார். அன்று பௌர்ணமி. இதுதான் பௌத்தர்கள் சொல்லும் வரலாறு. அதன் நினைவாகத்தான் பல இடங்களில் இன்று பாயசம் வைக்கிறார்கள்.

பட்டினி கிடப்பது புண்ணியம் என்று நமக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! சொன்னவர்கள் வயிறு நிறைந்தவர்கள். பட்டினியால் ஒன்றும் விளையாது என்று பட்டினி கிடந்து பார்த்த ஒருவர் சொன்னார். உழைப்பாளிக்கு இது புரியும்.

இந்த நாளில் நம்பிக்கையுள்ளவர்கள் செய்வது அதிகம் இல்லை. வெள்ளை உடுத்துவார்கள். விளக்கும் பூவும் வைப்பார்கள். அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்து சீலங்களைச் சொல்வார்கள்: உயிரைக் கொல்வதில்லை, கொடுக்காததை எடுப்பதில்லை, தவறான உறவு கொள்வதில்லை, பொய் சொல்வதில்லை, மதிமயக்கும் குடி குடிப்பதில்லை. இதில் வரம் கேட்பது எங்கே இருக்கிறது? தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் வாக்கு இது.

கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகும் புருஷனுக்காக வாசலில் காத்திருக்கும் பெண்ணைக் கேளுங்கள், ஐந்தாவது சீலத்தின் அருமையைச் சொல்வாள். அறுத்துக் கட்டிய நெல்லுக்குக் கள்ள மரக்காலில் கூலி அளந்த காலத்தைக் கண்ட பெரியவரைக் கேளுங்கள், கொடுக்காததை எடுப்பது யார் என்று சொல்வார்.

இலங்கையில் இதற்கு வெசாக் என்று பெயர். வீட்டுக்கு வீடு காகிதக் கூடு கட்டி விளக்கு வைப்பார்கள். வீதியோரத்தில் 'தன்சல்' என்ற பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் இலவசமாகச் சோறும் பானமும் கொடுப்பார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் அங்கே இந்த நாளுக்கு விடுமுறைகூட இல்லாமல் இருந்தது. மக்கள் கேட்டுக் கேட்டு 1885-ல்தான் விடுமுறை பெற்றார்கள்.

சங்கம் என்ற சொல்

பௌத்தர் மூன்றைச் சரணடைகிறார்கள்: புத்தர், தருமம், சங்கம். மூன்றாவதைக் கவனியுங்கள். ஆலை வாசலில் நாம் சொல்லும் அதே சொல்!

அந்தச் சங்கத்தில் யார் சேர்ந்தார்கள்? உபாலி என்று ஒரு நாவிதர். சாக்கிய குலத்து இளவரசர்களுக்கு முடி திருத்தியவர். இளவரசர்களும் துறவு பூண வந்தபோது உபாலிக்குத்தான் முதலில் தீட்சை தரவேண்டும் என்று அவர்களே கேட்டார்களாம். முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் வணங்கவேண்டும் என்பது விதி. இளவரசர்கள் நாவிதரை வணங்கினார்கள். குப்பை கூட்டிய சுனீதரும் அந்தச் சங்கத்தில் சேர்ந்து பெரியவர்களில் ஒருவரானார். பௌத்த நூல்களே இவற்றைச் சொல்கின்றன.

பௌத்த சங்கத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பிக்குணிகளைப் பிக்குகளுக்குக் கீழே வைத்தார்கள். எசமானின் சம்மதம் இல்லாத அடிமையைச் சேர்ப்பதில்லை என்றும் விதி செய்தார்கள். இருந்தாலும், பிறப்பால் ஒருவன் மேல் ஒருவன் கீழ் என்று வைத்த உலகத்தில், சேர்ந்த வரிசையே வரிசை என்று ஓர் இடம் இருந்தது. கூட்டத்தில் யார் முதலில் உட்காருவது என்று ஊரே வெட்டிக்கொள்ளும் பூமியில் இது சின்ன விஷயமா?

எசமானுக்குச் சொன்ன ஐந்து கடமை

பாலி மொழியில் சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன உபதேசம் ஒன்று இருக்கிறது. வேலை வாங்குகிறவனுக்கு ஐந்து கடமைகளை அதில் சொல்கிறார். ஆளின் பலத்துக்கு ஏற்ற வேலை கொடு. சாப்பாடும் கூலியும் கொடு. நோய் வந்தால் கவனி. நல்ல பண்டம் கிடைத்தால் பங்கு கொடு. அவ்வப்போது ஓய்வு கொடு.

ஆலைத் தோழர்களே, இது உங்களுக்குப் பழக்கமான பட்டியல்தானே! வேலைப் பளு, சம்பளம், இ.எஸ்.ஐ., போனஸ், லீவு! சுமார் 2500 வருஷத்துக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது. எந்த எசமான் தானாகக் கொடுத்தான்? 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1948-ல் தொழிற்சாலைச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை சிறை! கடமை என்று சொல்லிவைத்தது புத்தரின் பெருமை. உரிமை என்று வாங்கியது தொழிலாளியின் பெருமை.

இன்னொரு உபதேசத்தில் ஒரு ராஜா கதை வருகிறது. நாட்டில் திருட்டு அதிகம். பெரிய யாகம் செய்யலாம் என்று ராஜா நினைக்கிறான். புரோகிதன் தடுத்துச் சொல்கிறான்: உதைத்தாலும் தூக்கில் போட்டாலும் திருட்டு ஒழியாது, பயிர் செய்கிறவனுக்கு விதை கொடு, வியாபாரம் செய்கிறவனுக்கு முதல் கொடு, வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடு, திருட்டு தானாக நிற்கும். இந்த யோசனையைச் சொன்ன புரோகிதன் முற்பிறப்பில் தானே என்று புத்தர் சொல்வதாக அந்தக் கதை முடிகிறது. விதையும் கூலியும் கேட்டால் இன்றைக்கும் முதலில் வருவது போலீஸ்தானே?

மதுரையில் தொடங்கிய பாத்திரம்

இவையெல்லாம் எங்கோ வடநாட்டுக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். வைகாசிப் பௌர்ணமிக்கும் இந்த மதுரைக்கும் நேரான தொடர்பு உண்டு. அதைச் சொல்வது மணிமேகலைக் காப்பியம். பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். கூலம் என்றால் தானியம். நம் ஊர்த் தானிய வியாபாரி எழுதிய காப்பியம்!

அதில் ஆபுத்திரன் என்று ஒருவன் வருகிறான். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. ஒரு பார்ப்பனர் எடுத்து வளர்த்தார். பெரியவன் ஆனதும், யாகத்தில் வெட்டக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். பிடித்து அடித்தார்கள். பிறப்பைச் சொல்லி இழித்தார்கள். ஊரை விட்டுத் துரத்தினார்கள். பிச்சைக்குப் போன இடத்தில் அவன் ஓட்டில் கல்லைப் போட்டார்கள்.

அவன் எங்கே வந்தான்? மதுரைக்கு வந்தான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கினான். வீடு வீடாகப் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டு, மிச்சத்தைத் தான் சாப்பிட்டு, அந்த ஓட்டையே தலையணையாக வைத்துப் படுத்தான். ஒரு மழை இரவில் பசியோடு சிலர் வந்தார்கள். அவன் கையில் ஒன்றும் இல்லை; துடித்துப்போனான். அப்போதுதான் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள் என்பது கதை.

தேவலோகத்து இந்திரனே வந்து வரம் கேள் என்றானாம். ஆபுத்திரன் சிரித்தான். பசித்தவனும் இல்லை, பசித்தவனுக்குச் சோறு போடுகிறவனும் இல்லை என்றால் அந்த உலகம் எனக்கு எதற்கு என்று கேட்டான். வரம் வேண்டாம் என்று தேவராஜனைத் திருப்பி அனுப்பிய அநாதை நம் மதுரைத் தெருவில் இருந்தவன்!

பிறகு மழை பெய்தது, நாடு செழித்தது, பாத்திரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். மணிபல்லவத் தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. பலருக்குச் சோறு போட்ட பாத்திரத்தால் தன் ஒரு வயிற்றை வளர்க்க அவனுக்கு மனம் இல்லை. வருஷத்தில் ஒரு நாள் வெளியே வா என்று சொல்லி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து இறந்தான்.

அந்த ஒரு நாள் எது? புத்தர் பிறந்த வைகாசி நன்னாள்! அந்த நாளில்தான் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. அவள் புகாருக்குக் கொண்டுபோய்ப் பசித்தவர்க்கெல்லாம் போட்டாள். சோழ ராஜாவிடம் கேட்டுச் சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கினாள். அறம் என்பது என்ன என்று கேட்டால் அந்தக் காப்பியம் மோட்சத்தைச் சொல்லவில்லை. சோறு, துணி, வீடு என்று மூன்றைத்தான் சொல்கிறது.

நாம் அமுதசுரபியை நம்புகிறவர்கள் அல்ல. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது உழுகிறவன் கையும் நூற்கிறவன் கையும்தான். ஆனால் இந்தக் கதையைக் கட்டிய நெஞ்சு யாருடைய பக்கம் நின்றது என்று பாருங்கள்.

ஏழைகள் மீட்ட திருநாள்

காஞ்சியிலும் புகாரிலும் நாகப்பட்டினத்திலும் பௌத்தப் பள்ளிகள் இருந்தன. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. பிறகு ராஜாக்களின் ஆதரவு போயிற்று, பள்ளிகள் போயின. தமிழ்நாட்டில் வைகாசிப் பௌர்ணமி புத்தருக்கு உரிய நாள் என்பதே மறந்துபோயிற்று.

அதைத் திரும்ப எடுத்து வந்தவர்கள் யார்? தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். சித்த வைத்தியர் அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் தழுவினார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். நம் பண்டிகைகள் பல ஆதியில் பௌத்தப் பண்டிகைகள் என்று எழுதினார். அவை எல்லாவற்றுக்கும் சரித்திர ஆதாரம் உண்டு என்று சொல்வதற்கில்லை. ஆனால் திருவிழாவில் எட்டி நிற்கச் சொல்லப்பட்ட மக்களுக்கு, இந்தத் திருவிழாவே உன்னுடையது என்று அவர் சொன்னார். அந்தச் சொல் வேலை செய்தது.

எங்கே வேலை செய்தது? கோலார் தங்கவயலில்! பூமிக்கடியில் இறங்கித் தங்கம் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வைத்தார்கள். புரோகிதர் இல்லாமல் கல்யாணம் நடத்தினார்கள். பத்திரிகை வாங்கி, படித்தவர் படிக்க மற்றவர் கேட்டார்கள். அந்தச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் தமிழ்நாட்டுத் தொழிலாளி வரலாற்றில் அந்தப் பக்கம் மூடப்படவில்லை.

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். சிங்காரவேலர். 1923-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் மே தினம் கொண்டாடியவர். 1925 டிசம்பரில் கான்பூர் கம்யூனிஸ்டு மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அதற்கு வெகு காலம் முன்னால் மகாபோதி சங்கக் கூட்டங்கள் அவர் வீட்டில் நடந்தன. "புதுச் சாமியா?" என்று சிரித்த நம் இளம் தோழர் இதை அறிந்திருந்தால் சிரித்திருப்பாரா?

நாகபுரியில் அந்த நாள்

1956-ல் புத்தர் மறைந்து 2500 வருஷம் என்று உலகம் கொண்டாடியது. அந்த வருஷம் அக்டோபர் 14, விஜயதசமி. நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அவருக்குத் தீட்சை கொடுத்தவர் வயது முதிர்ந்த பிக்கு சந்திரமணி. அதே இடத்தில் லட்சக்கணக்கான மக்களுக்கு அம்பேத்கர் தாமே தீட்சை கொடுத்து, 22 உறுதிமொழிகளைச் சொல்லவைத்தார். எல்லா மனிதரும் சமம் என்பது அதில் ஒன்று. குடிக்கமாட்டேன் என்பது இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் யார்? நிலமற்ற விவசாயக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும். நம்மைப் போன்றவர்கள்.

அவர்கள் ஏன் போனார்கள்? ஒரு பழைய சம்பவம் சொல்கிறோம். பம்பாய் ஆலைகளில் நூற்புப் பகுதியில் தீண்டத்தகாதவர் என்று சொல்லப்பட்டவர்களுக்கு வேலை உண்டு. நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பகுதியில் இடம் இல்லை. காரணம் என்ன? நாடாவில் தாறு மாற்றும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும். அவர்கள் வாய் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்றார்கள் மற்றத் தொழிலாளர்கள். 1928-ல் அங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பகுதியைத் திறந்துவிடுவதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லி அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள்.

முதலாளி செய்தது அல்ல இது. தொழிலாளி தொழிலாளிக்குச் செய்தது. தொழிலாளர் சங்கம் தயங்கியது. இதை மறைத்துவிட்டு, மதம் மாறியவர்களைப் பார்த்து "திசை மாறிவிட்டார்கள்" என்று சொன்னால் அது நேர்மையா? நாம் வாசலைத் திறந்து வைத்திருந்தோமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாறியவர்களுக்குச் சர்க்கார் மாலை போடவில்லை. பௌத்தர் ஆனால் மத்திய சர்க்காரின் தாழ்த்தப்பட்டோர் சலுகை கிடையாது என்று 1990 வரை வைத்திருந்தார்கள். அப்படியும் ஜனங்கள் போனார்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் பௌத்தர் சுமார் 1.8 லட்சம், 1961-ல் 32 லட்சத்துக்கு மேல். சலுகையை இழந்தும் ஒருவன் ஒன்றைத் தேடிப் போகிறான் என்றால், அது வயிற்றுக்கு மேலே இருக்கும் ஒன்று. அதற்கு மானம் என்று பெயர்.

இரண்டு கை

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மை சொன்னவர்கள் ஆவோம். அதே 1956. அதே 2500-வது ஆண்டு விழா. இலங்கையில் என்ன நடந்தது? அந்தக் கொண்டாட்டத்தின் உற்சாகத்தைச் சிங்கள வெறிக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த வருஷமே சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்த தமிழர்கள் அடிபட்டார்கள். அதற்கு முன்பே 1948-ல் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தாகிவிட்டது. இப்படி நாடற்றுப்போய், அங்கிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம் பக்கத்து ஊர்களிலும் உண்டு.

தெருவில் தன்சல் பந்தல் போட்டு வருகிறவனுக்கெல்லாம் சோறு போடும் சிங்கள ஏழையின் கை ஒன்று. அதே திருநாளின் கொடியைப் பிடித்து அடுத்தவன் மொழியைப் பறித்த கை இன்னொன்று. திருநாள் ஒன்றுதான், எந்தக் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். எந்த மதத்துக்கும் இது பொருந்தும்.

யாருடைய ஆசை?

நமக்கும் அந்த நம்பிக்கைக்கும் வேறுபாடு இல்லையா? உண்டு. ஒளிக்க வேண்டியதில்லை.

துன்பம் இருக்கிறது, துன்பத்துக்குக் காரணம் இருக்கிறது, காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும், நீக்க வழி இருக்கிறது – இது புத்தர் சொன்ன நான்கு உண்மை. தலைவிதி என்று சொல்லவில்லை. காரணம் என்று சொன்னார். இதுவரை நாமும் கூடவே வருகிறோம். காரணம் எது என்ற இடத்தில்தான் பேச்சு. ஆசை என்றார் அவர்.

இதைப் பிடித்துக்கொண்டு நமக்கு உபதேசம் செய்ய வருகிறவர்கள் உண்டு. கூலி உயர்வு கேட்டால், "ஆசையை அடக்கு, புத்தரே சொல்லியிருக்கிறார்" என்பார்கள். நாம் கேட்கிறோம்: யாருடைய ஆசை? இரண்டு வேளைச் சோறு கேட்பது ஆசையா? மழை ஒழுகாத கூரை கேட்பது ஆசையா? நாலு பேர் பார்க்கும் தறியை ஒருவன் தலையில் கட்டி லாபம் பார்க்கிறானே, அது ஆசை. பத்து ஊர் நிலத்தைப் பினாமிப் பெயரில் அமுக்கி வைத்திருக்கிறானே, அது ஆசை. பட்டினிக்காரனிடம் போய் ஆசையை விடு என்று புத்தர் சொல்லவில்லை. பட்டினி கிடந்த தானே பால்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

1956 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த உலகப் பௌத்தர் மகாநாட்டில் அம்பேத்கர் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசினார். சுரண்டலை ஒழிப்பதில் இருவருக்கும் நோக்கம் ஒன்று, வழி வேறு என்றார். கம்யூனிஸ்டுகள் பலாத்காரத்தை நம்புகிறார்கள், புத்தர் மனமாற்றத்தை நம்பினார் என்று நம்மை விமர்சித்தார். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 6-ல் மறைந்துவிட்டார். அந்த விமர்சனத்துக்கு வாய்ப்பேச்சில் பதில் சொல்லி முடிக்க முடியாது. மனம் மாறவேண்டும் என்றால் முதலில் நம் மனம் மாறவேண்டும். நிலமும் கூலியும் மாறவேண்டும் என்றால் எல்லாரும் ஒன்றாக நிற்கவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டுவதுதான் பதில்.

இந்த மாவட்டத்தில் அதற்கு வேலை இல்லையா? மீனாட்சி கோயில் வாசல் ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்தது 1939 ஜூலை 8-ல்தான். சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம் ஆகும் நேரத்தில், 1997 ஜூன் 30-ல், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக மேலவளவில் தலைவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். உத்தப்புரத்தில் தெருவை மறித்து நின்ற சுவரில் வழி உடைக்கப்பட்டது 2008 மே 6-ல். எந்தப் பக்கத்து ஜனங்கள் அரச மரத்தைத் தேடிப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று இந்தத் தேதிகளைப் பார்த்தாலே தெரியும்.

கை நனைப்போம்

தோழர்களே! விளக்கேற்றுங்கள் என்று நாம் யாரையும் கேட்கவில்லை. நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம். ஆனால் விளக்கேற்றுகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. மூன்று விஷயங்களை மட்டும் கேட்கிறோம்.

சங்கத் தோழர் வீட்டில் திருநாள் என்றால் போய் உட்காருங்கள். திண்ணையில் நின்று பேசிவிட்டு வராதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். கொடுப்பதைச் சாப்பிடுங்கள்.

அந்தத் தெருவின் குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, டீக்கடைத் தம்ளர் இவற்றைக் கூலிக் கோரிக்கைக்கு அடுத்தபடி என்று தள்ளாதீர்கள். அதே பட்டியலில், அதே வரிசையில் எழுதுங்கள். 1928-ல் தயங்கியது போல் இன்னொரு முறை தயங்கக்கூடாது.

விளக்கேற்றும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கத்தைச் சரணடைவதாக இன்று சொல்கிறீர்கள். நாளைக் காலையில் வயல் வரப்பிலும் ஆலை வாசலிலும் இருக்கும் சங்கமும் உங்களுடையதுதான். எங்களிடம் குறை கண்டால் வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்று கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் நேராகச் சோழவந்தான் பஸ் ஏறுகிறோம். அந்தத் தெருவுக்குத்தான். போன வருஷம் சிரித்த இளம் தோழர் மத்தியானமே போய்விட்டார். பாயசத்துக்கு அரிசி களைந்து கொடுத்துக்கொண்டிருப்பதாகப் போனில் சொன்னார். அந்த அம்மா இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பேசுவார். ஒரு வருஷத்துக் கோபம் ஒரு மத்தியானத்தில் தீர்ந்துவிடாது.

இடம் இருக்கிறது. வருகிறவர்கள் எங்களோடு வாருங்கள்.